ஐந்தாவது புள்ளி

சுங்கை காடுட்டில், மழைக்கு ஒதுங்கிய லாரிகளுக்குப் பின்னே
எங்கள் பட்டறையின் சுருள்கதவு பாதி இறங்கியிருக்கிறது.
மேசைமேல் ஒன்றரை மீட்டர்த் தேக்குப் பலகை.
ரவுட்டர் குடைந்த பள்ளங்களில்
இன்னும் சூடு இருக்கிறது. விரலை விட்டால்
ஓர் எழுத்தின் அடிவயிறு தட்டுப்படும்.

நீர்த்தேக்கப் பூங்கா.
பத்து எழுத்து, பதினேழு துண்டு.
கால் தனி, கொம்பு தனி, புள்ளி தனி.
நேற்றே வெள்ளை அடித்துக் காயவைத்தாயிற்று.
வம்பு அங்கேதான்.
பள்ளம் வரைந்த கணினிக்குச்
சாயம் ஒரு பொருட்டே இல்லை.
இரண்டு பூச்சு, மேலே ஒரு வார்னிஷ்,
மயிரிழை பருத்துவிடுகிறது எழுத்து.
போன தீபாவளிச் சட்டைக்குள் நுழைகிறவரிடம் சொல்வதுபோல்
மூச்சை இழு என்கிறேன்
'நீ'யிடம்.

எழுத்தைத் தேய்க்கக் கூடாது, வெள்ளை போய்விடும்.
பள்ளத்தின் சுவரைத்தான் தேய்க்க வேண்டும்,
உப்புத்தாளைக் கத்திமுனையில் சுற்றி,
ஒரு பக்கம் இரண்டு இழுப்பு, ஊதிப் பார், மறுபடி.
சுழலும் அலகுக்கு மூலை தெரியாது.
வளைவெல்லாம் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்,
'ப' வந்ததும் அதன் சாமர்த்தியம் நின்றுவிடும்.
இரண்டு கீழ்மூலைக்கும் நான் உளி எடுக்கிறேன்.

கொம்பை வைத்துக்கொண்டு திகைத்தார் முதலாளி மேடம் குவெக்.
'த'வுக்கு வலப்பக்கம் வைத்துப் பார்த்தார். பள்ளம் ஏற்கவில்லை.
ஷஃபிகுல் சிரித்தான்.
தமிழில் ஓர் எழுத்தும் அறியாதவன், பாரிசாலில் படித்தவன்.
"பின்னால் கேட்கிறது முன்னால் நிற்கும், அரசி அக்கா.
எங்க எழுத்திலும் அப்படித்தான்."
சொல்லிக்கொண்டே
இடப்பக்கம் அமுக்கினான்.

ஐந்து புள்ளிகள். நான்கு அமர்ந்துவிட்டன.
ஐந்தாவது, 'ங'வின் தலைக்குப் போக வேண்டியது,
சாமணத்திலிருந்து துள்ளியது.
தரையில் ஒரு முறை டிக்.
பிறகு எதுவும் இல்லை.

நான்கு பேரும் முட்டி போட்டோம்.
ஹஃபிஸுதீன் காந்தம் கொண்டுவந்தான்,
அக்ரிலிக் என்று நினைவு வந்து
காந்தத்தோடு திரும்பிப் போனான்.
தூசி உறிஞ்சியின் பையைக் கொட்டினோம்:
மூன்று திருகாணி, ஒரு பத்துக் காசு,
யாருடைய தோட்டுக்கோ ஒரு திருகு.
காலை எட்டுக்கு வண்டி வரும்.
புதிதாக வெட்டினாலும் சாயம் காயப் பதினெட்டு மணி நேரம்.

"அது இல்லாவிட்டால் என்ன?" என்றார் மேடம். உண்மையான கேள்விதான்.
படித்துக் காட்டினேன்: பூ. ங. கா.
காங்கிரீட் தரையில் மூன்று அடி நொண்டியும் காட்டினேன்.
அவர் தலையசைத்தார். நொண்டல் புரிந்துவிட்டது.

ஹஃபிஸுதீன் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை இறக்கினான்.
ஆங்கிலப் பலகைக்கு எப்போதும்
சின்ன 'ஐ' ஒன்று கூடுதலாக வெட்டி வைப்போம்,
அதன் தலைப்பொட்டு தொலையும் என்று.
தமிழுக்கு வெட்டியதில்லை.
ஏன் என்று யாரும் கேட்டதில்லை.
நானும்தான், பதினோரு வருடமாக.

பொட்டு ஒன்பது மில்லிமீட்டர். எங்கள் பள்ளம் எட்டு.
துளைக்கருவியின் முனையில் ஒட்டுநாடாவால் அதை ஒட்டிச்
சுற்றவிட்டு விளிம்பை மட்டும் சீவினேன்.
முகத்து வெள்ளை அப்படியே இருந்தது.
பசை ஒரு சொட்டு. ரப்பர்ச் சுத்தியல்.
உட்காரும்வரை டொக், டொக்.
உட்கார்ந்ததும் சத்தம் பலகையினுடையது.

காலையில் வந்த அதிகாரி
நாடாவால் உயரம் அளந்தார்,
கையிலிருந்த தாளோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டார்,
ஐந்து புள்ளியையும் பேனா முனையால் எண்ணினார்.
கையெழுத்திட்டார்; அவர் பெயரிலும் ஒரு சின்ன 'ஐ',
பொட்டு வைக்க மறந்திருந்தார்.

அடுத்த வேலையின் வெட்டுத்தாளில்
பென்சிலால் எழுதினேன்:
தமிழ், புள்ளி, கூடுதல் இரண்டு.
மேடம் குவெக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு
இரண்டை அடித்து
மூன்று என்று திருத்தினார்.